கல்லைக் கண்டோம், ஆளைக் கண்டோமா?

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் ஆச்சியைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பயணிகள் கப்பல் ஒன்றின் சமையற்கட்டில் பணிபுரிபவர். விடுமுறைக்கு வீரகேரளம்புதூர் வந்திருந்தார். கப்பல் மெக்சிக்கோ நாட்டுக் கரையில் தங்கிய ஒரு நாளில், உடன் உழைப்போர் சிலருடன் சேர்ந்து சிச்சேன் இட்சா என்னும் பழைய நகரின் இடிபாடுகளைப் பார்த்து வந்தாராம். கைப்பேசியில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். புல்வெளியின் நடுவே, நான்கு பக்கமும் படிக்கட்டுகளோடு அடுக்கடுக்காய் உயர்ந்து நின்றது ஒரு பிரமிடு. அதன் முன் இரு கைகளையும் விரித்தபடி அவர்.

"சாமி, இது நம்ம மயன் கட்டினதுதானாமே? அவங்க பேரே மாயன்தானே! கப்பல்ல இருக்கிற தமிழ்ப் பையங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார்.

நான் விடை தேடிக்கொண்டிருக்கையில், ஆச்சி கைப்பேசியைத் தம் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். படத்தின் ஓரத்தில், மரநிழலில், தரையில் துணி விரித்துப் பூவேலைக் கைக்குட்டைகளை அடுக்கி வைத்திருந்த ஒரு பெண்ணின் மீது அவர் விரல் நின்றது.

"ஏலே, இந்தப் பொம்பள ஆரு?"

"தெரியல ஆச்சி. துணி விக்கிறவ. அந்த ஊர்க்காரிதான்."

"அப்பம் கட்டினவன் பேத்தியா இருப்பா. அவகிட்ட கேட்டிருக்கலாம்லா?"

சொல்லிவிட்டு ஆச்சி வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். நானோ அன்று முழுவதும் அந்தச் சொல்லோடு இருந்தேன். ஏனெனில், அந்தப் படத்தில் அப்பெண் இருந்ததை நானும் கவனிக்கவில்லை. பேரனைப் போல் நானும் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடிபாடுகளைக் காணச் செல்லும் பயணி எதைக் காண்கிறான், எதைக் காணத் தவறுகிறான்? மாயர் என்னும் மக்களின் பிரமிடுகளை வெவ்வேறு காலங்களில் கண்ட மூவரின் பார்வையை இங்கே எடுத்து ஆராய விழைகிறேன். ஒருவர் நம் தமிழ்நாட்டுச் சிற்பி. ஒருவர் நம் திருச்சபையின் துறவி. மூன்றாமவர் அமெரிக்க வழக்கறிஞர். மூவருமே அறிவாளிகள், மூவருமே உழைத்துப் பார்த்தவர்கள். அதனால்தான் அவர்களின் பார்வையைத் திறனாய்வு செய்வது பயன் தரும்.

சிற்பியின் கண்

வை. கணபதி ஸ்தபதியை அறியாத தமிழர் இருக்க இயலாது. 1927-இல் பிள்ளையார்பட்டியில் பிறந்தவர். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றியவர். 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறந்துவைக்கப்பட்ட 133 அடி உயரக் குமரி வள்ளுவர் சிலை அவர் உருவாக்கியதே. 2011-இல் மறைந்த அப்பெருமகனார், 1995-இல் மெக்சிக்கோவின் மாயர் இடிபாடுகளையும் பெரு நாட்டின் இன்கா இடிபாடுகளையும் நேரில் கண்டு அளந்து வந்தார். நம் சிற்ப மரபு மூல ஆசானாகப் போற்றும் மயனே அம்மாயர்களோடும் தொடர்புடையவன் என்பது அவர் கொண்ட முடிவு. எங்கள் கப்பல் இளைஞரின் காதுக்கு வந்து சேர்ந்த செய்தியின் ஊற்றுகளுள் இதுவும் ஒன்று.

முதலில் நிறையைச் சொல்வோம். சுற்றுலாப் பயணி உயரத்தைப் பார்க்கிறான். ஸ்தபதியோ கல்லும் கல்லும் சேரும் இடத்தைப் பார்த்தார். எந்தக் கை இதைச் செதுக்கியது, எந்தக் கயிறு இதை அளந்தது என்று கேட்டார். உளி பிடித்துக் காய்த்துப்போன கை, கடல் கடந்த மற்றொரு கையை அடையாளம் கண்டது. வேற்றுலகத்தார் வந்து கட்டினார்கள் என்று கதை கட்டி விற்போரின் நூல்கள் மலிந்த காலத்தில், இது மனிதக் கையின் உழைப்பு என்று அவர் உறுதியாய் நின்றது பெருமைக்குரியது.

ஆயினும், அவர் முடிவை ஏற்க இயலவில்லை. ஓசை ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது. 'மாயர்' என்னும் பெயர், ஐரோப்பியர் வந்தபோது யுக்கத்தான் தீபகற்பத்தில் வழங்கிய ஒரு வட்டாரப் பெயர். மாயப்பான் என்னும் நகரின் பெயரிலும் அது காணப்படும். ஒரு வட்டாரத்தின் பெயரைப் பின்வந்தோர் அவ்வினம் முழுமைக்கும் விரித்து வழங்கினர். மாயர் குடும்பத்தைச் சேர்ந்த ஏறத்தாழ முப்பது மொழிகள் இன்றும் பேசப்படுகின்றன. அவற்றுக்கும் தமிழுக்கும் உறவில்லை, வடமொழிக்கும் உறவில்லை. அளவுகளின் ஒற்றுமையோ எனில், கையாலும் அடியாலும் கயிற்றாலும் அளக்கும் எந்த மக்களிடத்தும் முழு எண்களும் எளிய விகிதங்களும் தாமே தோன்றும். சிற்றாற்று மணலைக் குவிக்கும் குழந்தையும் அடியை அகலமாகவும் நுனியைக் குறுகலாகவும்தான் அமைக்கிறது. அதற்கு அக்குழந்தை எகிப்துக்குப் போய்வர வேண்டியதில்லை.

இதனினும் எளிய சான்று நம் அடுக்களையில் இருக்கிறது. மிளகாய், தக்காளி, நிலக்கடலை, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி, சீத்தா, மரவள்ளி, முந்திரி ஆகிய இத்தனையும் அமெரிக்கக் கண்டத்தில் விளைந்தவை. 1492-க்குப் பிறகு ஐரோப்பியர் கப்பல்களில் பரவியவை. அதற்கு முன் நம் முன்னோர் உறைப்புக்கு மிளகைத்தான் நம்பியிருந்தனர். வந்த புதுக் காய்க்கு மிளகின் பெயரையே ஒட்டி மிளகாய் என்றார்கள். பழங்காலத்தில் நம் சிற்பிகள் கூட்டமாய் அங்கே சென்று நகரங்களைக் கட்டித் திரும்பியிருந்தால், ஒரு கைப்பிடி மிளகாய் விதையாவது மடியில் கொண்டு வந்திருக்க மாட்டார்களா? இங்கிருந்து நெல்லும் மாடும் இரும்புக் கருவியும் அங்கே சென்றிருக்க மாட்டாவா? மாயர் இரும்பின்றி, சுமை இழுக்கும் விலங்கின்றி, வண்டிச் சக்கரமின்றி அந்நகரங்களை எழுப்பினர். நம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலை 1010-இல் நிறைவு செய்தானே, ஏறத்தாழ அக்காலத்தை ஒட்டிய நூற்றாண்டுகளில் சிச்சேன் இட்சா தழைத்திருந்தது. இருவேறு மக்கள், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே வானத்தின் கீழ்க் கல்லை அடுக்கிக்கொண்டிருந்தனர். வியப்புக்கு இதுவே போதாதா?

'நாங்கள் கட்டினோம்' என்று சொல்லும்போது நாம் தமிழுக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணுகிறோம். ஆனால், அச்சொல் ஒருவரிடமிருந்து ஒன்றைப் பறிக்கிறது. ஆப்பிரிக்காவின் மா சிம்பாப்வே கற்கோட்டைகளைக் கண்ட வெள்ளைக் குடியேறிகள், கறுப்பின மக்களால் இவற்றைக் கட்டியிருக்க முடியாது, பினீசியர் வந்து கட்டினர் என்று நெடுங்காலம் சாதித்தனர். நாளை ஒருவர் வந்து, மாமல்லபுரத்து இரதங்களை உரோமையர் செதுக்கினர் என்றால் நாம் பொறுப்போமா? நமக்குக் கசப்பானது மாயர்க்கு மட்டும் இனிக்குமா?

அம்மக்களோடு நமக்கு உண்மையான உறவு உண்டு. அது பாவூர்ச்சத்திரம் காய்கறிச் சந்தையில் கூடை கூடையாய்க் குவிந்து கிடக்கிறது. நம் குழம்பின் நிறமும் உறைப்பும் அக்கண்டத்தின் உழவர்கள் தலைமுறை தலைமுறையாய்ப் பேணி வளர்த்த விதைகளின் கொடை. நாம் அவர்களுக்குக் கொடுத்தவர்கள் அல்லர், அவர்களிடம் பெற்றவர்கள். கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைப்படும் நாம், பெற்றதை நன்றியோடு சொல்லக் கூசுகிறோம்.

துறவியின் கண்

ஸ்தபதியைக் குறை கூறி நான் தப்பித்துவிட இயலாது. மாயர் இடிபாடுகளைக் கண்டு முதன்முதலில் விரிவாக எழுதியவர் ஒரு கத்தோலிக்கத் துறவி. பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த தியேகோ தே லாந்தா 1549-இல் யுக்கத்தான் சென்றார். மாயர் மொழியைக் கற்றார். அவர்களின் நாள்காட்டி, திருமணம், உணவு, அடக்கச் சடங்கு யாவற்றையும் கேட்டறிந்தார். சிச்சேன் இட்சாவின் பிரமிடைப் பற்றி எழுதுகையில், அதன் படிகளை எண்ணிக் குறித்திருக்கிறார். ஒரு பக்கத்துக்கு 91 படிகள். நான்கு பக்கமும் சேர்ந்து 364. உச்சித் தளத்தையும் கூட்டினால் ஆண்டின் நாள்களான 365. இத்துணைக் கருத்தாய்ப் பார்த்த கண் அவருடையது.

அதே கண் வேறொன்றையும் கண்டது. திருமுழுக்குப் பெற்ற மாயர் சிலர் மறைவாகப் பழைய வழிபாட்டைத் தொடர்கின்றனர் என்பது 1562-இல் தெரியவந்தது. நரபலியும் நடப்பதாகச் செய்தி வந்தது. மாயரிடமும் அஸ்தேக்கரிடமும் நரபலி இருந்தது உண்மை. அதை மூடி மறைத்து அவர்களை மாசற்றவர்களாகக் காட்டுவதும் ஒருவகைக் குருட்டுப் பார்வையே. ஆனால், லாந்தாவும் உடன் துறவியரும் அதற்குக் கண்ட மருந்து யாது? ஆயர் இல்லாத நேரத்தில் தாமே விசாரணை மன்றம் கூட்டினர். நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் வதைக்கப்பட்டனர். அவ்வதையில் 158 பேர் இறந்தனர் என்று பின்னர் நடந்த விசாரணையில் பதிவாயிற்று. பலி கேட்கும் கடவுளரை ஒழிக்க எழுந்தவர்கள் தாமும் பலி கொண்டனர். அவ்வாண்டு சூலை 12-ஆம் நாள், மானி என்னும் ஊரில் வழிபாட்டு உருவங்களோடு மாயரின் ஏடுகளும் தீக்கிரையாயின. அதைக் கண்டு அம்மக்கள் எவ்வளவு துயருற்றனர் என்பதை லாந்தாவே பின்னர்த் தம் நூலில் எழுதினார். பழைய மாயர் ஏடுகளுள் இன்று உலகில் எஞ்சியவை நான்கே.

புதிய ஆயர் பிரான்சிஸ்கோ தே தொரால் வந்து இக்கொடுமையைக் கண்டித்தார். லாந்தா ஸ்பெயினுக்குத் திரும்பி விடை சொல்ல வேண்டியதாயிற்று. அங்கே, 1566 அளவில், யுக்கத்தானைப் பற்றிய தம் நூலை எழுதினார். பிற்பாடு குற்றமற்றவர் எனத் தீர்க்கப்பட்டு, அதே நாட்டுக்கு ஆயராகத் திரும்பி, 1579-இல் இறந்தார். எந்த எழுத்தை எரித்தாரோ அந்த எழுத்தைப் பற்றிய குறிப்பும் அந்நூலில் இருந்தது. மாயர் ஒருவரை அமர்த்தி, நம் எழுத்துகளுக்கு உங்கள் எழுத்து எது என்று கேட்டுப் பதிந்த பட்டியல் அது. நான்கு நூற்றாண்டுக்குப் பிறகு, 1952-இல், சோவியத் அறிஞர் யூரி குனோரொசோவ் மாயர் எழுத்தைப் படிக்கும் வழியைத் திறந்தது அப்பட்டியலைக் கொண்டே. எரித்தவர் கையிலேயே சாவியும் இருந்தது!

இதை நம் நாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மானியில் ஏடுகள் எரிந்து பதினாறே ஆண்டுகளில், 1578-இல், அண்டிரிக்கே அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. அதே நூற்றாண்டு, அதே ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து வந்த துறவியர், அதே நற்செய்தி. அங்கே எழுத்து எரிந்தது; இங்கே அச்சாயிற்று. இதனால் நாம் பெருமிதம் கொள்வதைவிடச் சிந்திப்பதே மேல். அங்கும் எல்லாரும் எரித்தவர்கள் அல்லர். ஏறத்தாழ 1701-இல் கௌதமாலாவில் பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் என்னும் தொமினிக்கன் துறவி, கிச்சே மாயரின் 'பொப்போல் வூ' என்னும் தொன்மை நூலை அவர்கள் மொழியிலேயே படியெடுத்துக் காத்தார். இன்று அது உலகுக்குக் கிடைத்திருப்பது அவர் கைப்படியால்தான். ஆக, வேறுபாடு சபையில் இல்லை, காலத்தில் இல்லை. எதிரே நிற்பவரிடம் கற்க ஏதேனும் உண்டு என்று நினைத்தோமா இல்லையா என்பதில்தான் இருக்கிறது.

லாந்தாவைப் பழிப்பது எளிது. ஆனால் என் நினைவில் ஓர் உறுத்தல் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், நான் பொறுப்பேற்றிருந்த ஒரு சிற்றூரில் பழைய சிற்றாலயம் ஒன்று இருந்தது. சுண்ணாம்புச் சாந்தும் பனங்கை விட்டமும் கொண்டு, அவ்வூர்க் கூலி மக்களின் பாட்டன்மார் கட்டியது. ஒழுகுகிறது, இடம் போதவில்லை என்று அதை இடித்துக் காங்கிரீட் ஆலயம் எழுப்பினேன். திறப்பு விழாவில் எனக்கு மாலை விழுந்தது. விழா முடிந்ததும் முதியவர் ஒருவர் வந்து, "வாசப்படிப் பக்கம் ஒரு கல்லு இருந்துச்சே சாமி, அதுல எங்க தாத்தா பேரு வெட்டியிருந்துச்சு, அது எங்க?" என்று கேட்டார். அக்கல் இடிபாட்டோடு இடிபாடாக அடித்தளத்துக்குள் போயிருந்தது. அவர் மறுசொல் சொல்லவில்லை. தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். இடிப்பதற்கு முன் நான் பொறியாளரைக் கேட்டேன், ஆலயக் குழுவைக் கேட்டேன், மறைமாவட்ட அனுமதியும் கேட்டேன். அந்த முதியவரை மட்டும் கேட்கவில்லை. நான் எரித்தது ஓர் ஏடுதான். ஆனால் அவரிடம் இருந்ததும் அந்த ஓர் ஏடுதான்.

வழக்கறிஞரின் கண்

மூன்றாமவர் ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ். 1839-இல் ஓவியர் கேதர்வுட்டோடு நடு அமெரிக்கக் காடுகளுக்குள் நுழைந்தவர். அவர் எழுதி 1841-இலும் 1843-இலும் வெளிவந்த பயண நூல்கள், கேதர்வுட்டின் ஓவியங்களோடு, மாயர் நகரங்களை உலகறியச் செய்தன. அதற்கு முன் எகிப்தையும் பாலஸ்தீனத்தையும் சுற்றியவர் ஸ்டீபன்ஸ். ஆகவே, 'இது எகிப்தியர் வேலை' என்று சொல்ல அவருக்கே எல்லாத் தகுதியும் இருந்தது. அன்றைய அறிஞர்கள் எகிப்தியர் என்றும், பினீசியர் என்றும், இஸ்ரயேலின் காணாமற்போன குலங்கள் என்றும் ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தனர். ஸ்டீபன்ஸ் பார்த்தார், ஒப்பிட்டார், மறுத்தார். ஐரோப்பியர் வந்த காலத்தில் இங்கே வாழ்ந்த மக்களோ, அவர்களுக்கு நெடுந்தொலைவில் இல்லாத அவர்தம் மூதாதையரோ இவற்றைக் கட்டினர் என்று எழுதினார். எங்கள் ஆச்சி ஒரு நொடியில் சொன்னதை அவர் ஈராண்டு அலைந்து நிறுவினார் எனலாம்.

கோப்பான் நகரில், 'இவற்றைச் செய்தவர் யார்?' என்று அங்குள்ளோரைக் கேட்டபோது, 'யார் அறிவார்?' என்பதே விடையாய்க் கிடைத்தது. மற்ற பயணிகள் அவ்விடையை மடமைக்குச் சான்றாகக் கொண்டிருப்பர். ஸ்டீபன்ஸோ, வென்றவர் அம்மக்களின் தலைவர்களையும் குருக்களையும் ஏடுகளையும் அழித்தபின் மறதி வராமல் என்ன வரும் என்று சிந்தித்தார். பயண இலக்கியத்தில் இது அரிய பண்பு. தான் கேட்ட மௌனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்று அவர் அறிந்திருந்தார்.

குறையும் உண்டு. அதே கோப்பான் நகரை அவர் 50 டாலருக்கு விலைபேசி வாங்கினார். சிலைகளை நியூயார்க்குக்குக் கொண்டுசென்று காட்சியகம் அமைப்பது அவர் கனவு. யுக்கத்தானிலிருந்து பெயர்த்துச் சென்ற செதுக்கு மரவிட்டங்களும் பிற பொருள்களும் 1842-இல் நியூயார்க்கில் நேர்ந்த தீவிபத்தில் சாம்பலாயின. காட்டு மழையில் நூற்றாண்டுகள் நின்றவை, நகரத்துக் காட்சிக்கூடத்தில் ஓர் இரவில் அழிந்தன. இவர்களுடையது என்று எழுதிய கை, இவர்களிடமே இருக்கட்டும் என்று எழுதத் தவறியது. இது நமக்கும் தெரிந்த கதைதான். நம் தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரை 1876-இல் தோண்டிய ஜாகோர் என்னும் செர்மானியப் பயணி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். நம் முன்னோரின் தாழிகளைப் பற்றி அறிய நாம் அயல்நாட்டு அருங்காட்சியகத்தின் பட்டியலைப் புரட்ட வேண்டியதாயிற்று.

தென்காசியின் பாடம்

மூவர் பார்வையிலும் ஒரு குறை பொதுவாய் நிற்கிறது. சிற்பி அங்கே தம் முன்னோரைத் தேடினார். துறவி அங்கே அலகையைத் தேடினார். வழக்கறிஞர் உண்மையைத் தேடினார், கூடவே உடைமையையும் தேடினார். இனி நாம் எப்படிப் பார்ப்பது? இதற்கு மெக்சிக்கோவரை போக வேண்டியதில்லை. எங்கள் ஊரிலிருந்து பேருந்தேறித் தென்காசியில் இறங்கினால் போதும்.

நான் சிறுவனாயிருந்தபோது, குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும் வழியில் தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலின் கோபுரத்தைப் பேருந்துச் சன்னல் வழியே பார்ப்பேன். அன்று அது மேல் நிலைகள் இல்லாத மொட்டைக் கோபுரம். சிதைந்த செங்கலிடையே செடி முளைத்து, புறாக்கள் பறந்துகொண்டிருக்கும். அது அப்படித்தான் கட்டப்பட்டது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். பின்னர்ச் சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்திய திருப்பணியால், ஒன்பது நிலைகளோடு அது மீண்டும் எழுந்தது. 1990-இல் குடமுழுக்கு நடந்தபோது எனக்கு இருபது வயது இருக்கும். விடுமுறையில் வந்த குருமட மாணவனாகத் தெருவோரம் நின்று அண்ணாந்து பார்த்தது நினைவிருக்கிறது.

அக்கோயிலை 15-ஆம் நூற்றாண்டில், 1446-இல், எழுப்பத் தொடங்கியவன் பராக்கிரம பாண்டியன். மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கிய பாண்டியர் மரபினன். அரசுகள் சரிவதைக் குடும்பக் கதையாகவே அறிந்தவன். அவன் அக்கோயிலில் ஒரு வேண்டுகோளைப் பாட்டாகக் கல்லில் வெட்டி வைத்தான். எதிர்காலத்தில் இக்கோயிலுக்கு ஏதேனும் பழுது நேருமானால், அதைச் சீர்செய்து காப்பவர் யாராயினும், உலகறிய அவர்களை இன்றே வணங்குகிறேன் என்பது அதன் கருத்து.

மன்னர்களின் கல்வெட்டுகள் பெரும்பாலும் வென்ற நாடுகளைச் சொல்லும், தானத்தைச் சொல்லும், தானத்தை அழிப்போர்க்குச் சாபம் சொல்லும். இவனோ, கட்டும்போதே இடிபாட்டைக் கண்டான். சபிக்காமல் வணங்கினான். 'என் குலத்தார்' என்று அவன் சொல்லவில்லை, 'யாராயினும்' என்றான். நூற்றாண்டுகள் கடந்து, அவன் குலம் அரசிழந்து, ஆங்கிலேயர் வந்துபோய், குடியாட்சி மலர்ந்த பின், அவன் அறியாத மக்கள் அக்கோபுரத்தை எடுத்து நிறுத்தினர். அவன் வணக்கம் அவர்களுக்காகக் கல்லில் காத்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீரகேரளம்புதூரும் ஒருகாலத்தில் ஊற்றுமலை சமீனின் இருப்பிடமாய் விளங்கியதே. காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த இருதயாலய மருதப்பத் தேவரின் ஊர் இது. சமீன் போயிற்று, சிந்து இன்றும் பாடப்படுகிறது. கல் தானாக நிலைப்பதில்லை. அதைச் சுற்றி வாழ்ந்துகொண்டிருக்கும் மனிதர் நினைவிலும் நாவிலும் கையிலும்தான் அது நிலைக்கிறது.

இந்தப் பாடத்தை மாயர் பிரமிடுகளின் முன் வைத்துப் பாருங்கள். 'மறைந்துபோன மாயர்' என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும். மறைந்துபோனவை சில நகரங்களின் அரசுகள், மக்கள் மறையவில்லை. மாயர் மொழிகளைப் பேசுவோர் மெக்சிக்கோவிலும் கௌதமாலாவிலும் அண்டை நாடுகளிலுமாக இன்று ஐம்பது இலட்சத்துக்கும் மேல் இருக்கின்றனர். சோளம் விதைக்கின்றனர், பூவேலை செய்கின்றனர், ஞாயிறு திருப்பலிக்கு வருகின்றனர். ஆம், அவர்களுள் மிகப் பலர் நம்மைப் போலவே கத்தோலிக்கர். நம் சகோதர சகோதரிகள். 1993-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இசமால் நகரில் பழங்குடி மக்களைச் சந்தித்தார். பழைய பிரமிடின் மேடைமீது லாந்தாவின் காலத்தில் எழுந்த துறவுமடம் உள்ள ஊர் அது. 2015-இல் பொலிவியாவிலும் 2016-இல் மாயர் வாழும் சியாப்பாசிலும் திருத்தந்தை பிரான்சிஸ் பழங்குடியினரிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். சியாப்பாசு திருப்பலியில் அவர்களின் மொழிகள் ஒலித்தன. மானியில் எரிந்த ஏடுகள் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் அம்மொழி பீடத்தருகே திரும்பி வந்திருக்கிறது.

இறுதியாக, மாற்கு நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தின் முடிவையும் 13-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தையும் ஒருசேரப் படியுங்கள். அதிகார எண் நடுவே நிற்பதால் நாம் அவற்றைப் பிரித்தே வாசித்துப் பழகிவிட்டோம். எருசலேம் ஆலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து, இரண்டு சிறு காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண்ணை இயேசு தம் சீடருக்குக் காட்டுகிறார். அடுத்து, அவர்கள் வெளியே வந்ததும் ஒரு சீடர் என்ன சொல்கிறார்? எத்தகைய கற்கள், எத்தகைய கட்டடங்கள் பாரும் என்கிறார்! ஆண்டவர் ஆளைக் காட்டினார். சீடர் கல்லைக் காட்டினார். கலிலேயாவிலிருந்து திருவிழாவுக்கு வந்த பயணி அல்லவா, அவரைக் குறைகூற எனக்கு நாவெழவில்லை. அக்கற்கள் ஒன்றின்மேல் ஒன்று நில்லாது போகும் என்று இயேசு விடை கூறியதை நாம் அறிவோம். அக்கைம்பெண்ணோ இன்றும் நிற்கிறாள்.

விடுமுறை முடிந்து அந்த இளைஞர் விடைபெற வந்தார். கப்பல் மறுபடியும் அந்தக் கரையில் தங்கக்கூடும் என்றார். மயனைப் பற்றி நான் நெடிதாய் ஏதும் சொல்லவில்லை. "தம்பி, அடுத்த முறை போனால், அந்தப் பெண்மணியிடம் ஒரு கைக்குட்டை வாங்கு. அவர் பெயரைக் கேள். அவர் வீட்டில் என்ன மொழி பேசுவார்கள் என்று கேள்" என்றேன். "சரி சாமி, ஆச்சியும் அதையேதான் சொல்லி அனுப்புது" என்றார்.

இடிபாடுகளைக் காணச் செல்வோம், தவறில்லை. வியப்போம்; அதுவும் தவறில்லை. ஆனால் அக்கல்லின் நிழலில் யார் அமர்ந்திருக்கிறார் என்று பார்க்காமல் திரும்பினால், நாம் அவ்வூருக்குப் போய்வந்தவர்கள் ஆகமாட்டோம்.